ஆட்சி மாறிய பிறகும் நிற்பது எது? கடலைக் காக்க ஆதரவு திரட்டும் வழிகள், ஓர் ஒப்பீடு

கடலில் வரைமுறை இல்லாமல் மீன் பிடிப்பதை எப்படி நிறுத்துவது என்று ஒரு மீன்வள ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று வரம்பு வையுங்கள். மீன் முட்டையிடும் இடங்களை விட்டுவையுங்கள். குஞ்சுகளையும் சேர்த்து வாரும் வலைகளை எடுத்துவிடுங்கள். மேலும் மேலும் படகு கட்டத் தூண்டும் மானியத்தை நிறுத்துங்கள். இவையெல்லாம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயங்கள்தான்.

ஆனாலும் நிலைமை மோசமாகிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு கணக்கெடுக்கும் மீன் கூட்டங்களில், 1974இல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை 10 சதவீதம். 2021இல் அது 37.7 சதவீதம். 2020க்குள் இதற்கு முடிவுகட்டுவோம் என்று 2015இல் உலக நாடுகள் எல்லாம் ஐ.நா.வில் ஒப்புக்கொண்டன. 2020 வந்தது, போனது.

ஆக, குறைவாக இருப்பது அறிவு அல்ல. அந்த அறிவுக்குப் பின்னால் நிற்கும் அரசியல் பலம்தான் குறைவு. அந்தப் பலத்தைத் திரட்ட நினைக்கும் ஒரு சிறு குழுவை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடலோரச் சங்கமாக இருக்கலாம், மாணவர் அமைப்பாக இருக்கலாம், நாலைந்து சுற்றுச்சூழல் ஆர்வலர்களாக இருக்கலாம். கையில் இருப்பது மூன்று நான்கு ஆண்டு உழைப்பு, கொஞ்சம் பணம். அதை எங்கே போடுவது? நுகர்வோரைத் திரட்டுவதிலா, தலைவர்களைச் சந்திப்பதிலா, மீனவர்களோடு உட்கார்ந்து பேசுவதிலா, சட்டத்திருத்தத்திலா, மானியத்தை எதிர்ப்பதிலா, சர்வதேச ஒப்பந்தங்களிலா? எல்லாவற்றையும் செய்வோம் என்று கிளம்பும் சிறு குழுக்கள் பெரும்பாலும் எதையும் முடிப்பதில்லை.

ஒப்பிடுவதற்கு முன்னால், இந்த வேலை ஏன் இவ்வளவு கடினம் என்று பார்த்துவிடலாம். மீன்பிடிப்பைக் குறைத்தால் நஷ்டம் இன்றைக்கே வரும், பெயரும் முகமும் தெரிந்த ஆட்களுக்கு வரும். லாபம் ஐந்தோ பத்தோ ஆண்டு கழித்து வரும், யாருக்கு என்று இப்போதே சொல்ல முடியாது. அமைச்சரின் அறைக்கு வெளியே காத்திருப்பவர் இன்றைய படகு உரிமையாளர். இன்னும் பிறக்காத மீனுக்காக அங்கே யாரும் காத்திருப்பதில்லை.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எனக்கு மறக்காத பாடம். 1989இல் அங்கே வடக்குக் காட் மீனின் ஆண்டு வரம்பை 1,25,000 டன்னாகக் குறைக்கும்படி ஆய்வாளர்கள் சொன்னார்கள். அப்படிச் செய்தால் ஏராளமானோர் வேலை இழப்பார்கள் என்று அஞ்சிய அரசு, வரம்பை 2,35,000 டன்னாக வைத்தது. மூன்றே ஆண்டில், 1992 ஜூலை 2 அன்று, மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி அந்தத் தொழிலையே மூட வேண்டி வந்தது. ஒரே அறிவிப்பில் சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு ஆண்டுக்கு என்று சொல்லி விதித்த தடை, அதிகாரபூர்வமாக விலக்கப்பட்டது 2024இல்தான். வேலையைக் காப்பாற்ற எடுத்த முடிவுதான் அத்தனை வேலைகளையும் விழுங்கியது.

அங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கரையோரத்தில் சிறு படகு வைத்திருந்தவர்கள், மீன் சிறுத்துவருகிறது, குறைந்துவருகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

அதனால் எந்த வழியையும் நான் இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறேன். ஒன்று, இந்த வழியில் போனால் முடிவு நம் பக்கம் வர எவ்வளவு வாய்ப்பு? இரண்டு, ஆட்சி மாறி, புது அமைச்சர் வந்து அந்த முடிவைத் திரும்பப் பெற நினைத்தால், அதைத் தடுக்க எழுந்து நிற்பவர் யார்? இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக எடை தருகிறேன். கடல் மீள்வதற்குப் பத்து இருபது ஆண்டு ஆகும். எந்த ஆட்சியும் அவ்வளவு காலம் நீடிப்பதில்லை.

பொதுமக்களின் கோபம்

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி இது. 2010இல் பிரிட்டனில், சமையல் நிகழ்ச்சிகளால் அறியப்பட்ட ஹியூ ஃபியர்ன்லி-விட்டிங்ஸ்டால் ஓர் இயக்கம் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் கோட்டா விதிப்படி, ஒரு மீனுக்கான கோட்டா முடிந்துவிட்டால் அதன் பிறகு வலையில் வரும் அந்த மீனைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. நல்ல மீன், செத்த மீன், அப்படியே கடலில் கொட்டப்படும். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆதரவுக் கையெழுத்து இட்டார்கள். 2013 பிப்ரவரியில் ஐரோப்பியப் பாராளுமன்றம் மீன்வளக் கொள்கைச் சீர்திருத்தத்தை 502க்கு 137 என்ற வாக்கில் ஆதரித்தது.

இந்த வெற்றிக்கு முன்னால் நடந்த ஒன்றைப் பலர் சொல்வதே இல்லை. அதுவரை ஐரோப்பிய மீன்வளச் சட்டங்களில் உறுப்பு நாடுகளின் மீன்வள அமைச்சர்கள் வைத்ததுதான் முடிவு. 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கைதான் பாராளுமன்றத்துக்கு முதல்முறையாக அவர்களுக்குச் சமமான அதிகாரத்தைக் கொடுத்தது. அதாவது, அந்தக் கோபம் வந்து தட்டிய கதவு அப்போதுதான் திறந்திருந்தது. இதே இயக்கம் ஆறேழு ஆண்டு முன்னால் நடந்திருந்தால் அனுதாபம் கிடைத்திருக்கும், வாக்கு கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

அப்புறம் என்ன ஆனது? மீனைக் கடலில் கொட்டக் கூடாது என்ற விதி 2015 முதல் 2019 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. விலக்குகள் சேர்ந்துகொண்டே போயின. நடுக்கடலில் கண்காணிப்பும் பலவீனமாக இருந்தது. கையெழுத்து இட்டவர்கள் அதற்குள் வேறு பிரச்சினைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீன் அவர்கள் பிழைப்பு இல்லை. முதல் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கும் இந்த வழி, இரண்டாவது கேள்வியில் தடுமாறுகிறது.

சின்னதாக, கூர்மையாகச் செய்தால் இந்த வழி வேலையை முடித்தே தரும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1998இல் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான சமையல் கலைஞர்கள் வட அட்லாண்டிக் வாள்மீனைச் சமைக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். கோரிக்கை வெறும் ‘வாள்மீனைக் காப்பாற்றுங்கள்’ என்பதாக இல்லை. சர்வதேச அளவில் மீட்புத் திட்டம் வேண்டும், குஞ்சுகள் வளரும் பகுதிகளை அமெரிக்க அரசு மூட வேண்டும் என்று இரண்டே இரண்டு. 1999இல் பத்தாண்டு மீட்புத் திட்டம் வந்தது. 2000இல் குஞ்சுகள் வளரும் பகுதிகளை மூடும் அறிவிப்பும் வந்தது. அத்தோடு இயக்கத்தை முடித்துக்கொண்டார்கள். 2009க்குள் அந்த மீன் மீண்டுவிட்டது என்று கணக்கெடுப்பு சொன்னது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மக்களின் கோபம் தானாகப் போகும் திசை எப்போதும் கடலுக்கு நல்லதாக இருப்பதில்லை. சூரை மீன் வலைகளில் டால்ஃபின்கள் சாகும் காட்சிகளைப் பார்த்துக் கொதித்த அமெரிக்க மக்களால், 1990இல் பெரிய டின் மீன் நிறுவனங்கள் பணிந்தன. டால்ஃபின்களைச் சுற்றி வலை போடுவது குறைந்தது, நல்லதுதான். ஆனால் கப்பல்கள் பலவும், மீனை ஈர்க்கக் கடலில் விடும் மிதவைகளைச் சுற்றி வலைபோடும் முறைக்கு மாறின. அதில் சுறாக்களும் ஆமைகளும், வளராத சூரைக் குஞ்சுகளும் அதிகம் மாட்டுகின்றன. சூரைக் குஞ்சுக்காக யாரும் தெருவில் இறங்கவில்லை.

ஒரு கையெழுத்தில் பிறக்கும் காப்பகம்

இந்த வழி விரைவானது, பார்க்கவும் பிரம்மாண்டமாக இருக்கும். ஒரு தலைவரை இணங்க வைத்தால் லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டர் கடல் ஒரே நாளில் காப்பகம் ஆகிவிடும். ஆனால் கையெழுத்தில் வந்தது கையெழுத்திலேயே போகவும் செய்யும். பசிபிக் தொலைதூரத் தீவுகளின் கடல் காப்பகத்தை 2014இல் ஒபாமா பெரிதாக்கினார். 2025 ஏப்ரலில் டிரம்ப் அதை வணிக மீன்பிடிப்புக்குத் திறந்துவிடும் பிரகடனத்தில் கையெழுத்து இட்டார். கிரிபாட்டி நாடு 2015இல் ஃபீனிக்ஸ் தீவுகளின் கடலை வணிக மீன்பிடிப்புக்கு மூடியது. 2021இல் அதைத் திரும்பத் திறக்கப்போவதாக அறிவித்தது. சூரை மீன் உரிமக் கட்டணம் அந்த நாட்டுக்கு எவ்வளவு பெரிய வருமானம் என்பதை நினைத்தால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இழப்பை ஈடுகட்ட ஆள் இல்லாத இடத்தில் அறிவிப்பு மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

பலமான ஓர் அமைச்சர் கிடைப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். இந்தோனேசியாவில் 2014 முதல் 2019 வரை மீன்வள அமைச்சராக இருந்த சுசி புட்ஜியாஸ்துத்தி, அனுமதியில்லாமல் வந்த நூற்றுக்கணக்கான வெளிநாட்டுப் படகுகளைப் பிடித்து, ஆட்களை இறக்கிவிட்டு மூழ்கடித்தார். மக்களிடம் அவருக்கு அமோக ஆதரவு. அந்நாட்டுக் கடலில் வெளிநாட்டுப் படகுகளின் மீன்பிடிப்பு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று செயற்கைக்கோள் தரவை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. ‘நம் கடல், நம் மீன்’ என்ற உணர்வு எவ்வளவு பலமானது என்பதற்கு இது சான்று. அதே அமைச்சர், உள்நாட்டுப் படகுகள் பயன்படுத்தும் சந்த்ராங் என்ற இழுவை வலையைத் தடைசெய்யப் போனபோது கதை மாறியது. 2018 ஜனவரியில் மீனவர்கள் தலைநகரில் திரண்டார்கள், அரசு இறங்கிவந்தது. அந்நியர் படகை மூழ்கடிக்கக் கைதட்டல் போதும். சொந்த ஊர்க்காரர் வலையை மாற்றச் சொல்ல, அந்த ஊரிலேயே நமக்கு ஆள் வேண்டும்.

கரையிலிருந்து தொடங்குவது

பிலிப்பைன்ஸின் இரண்டு சின்னத் தீவுகளின் கதையைத்தான் இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். சுமிலோன், அப்போ. இரண்டிலும் பின்னால் இருந்தவர் ஏஞ்சல் அல்கலா என்ற கடல் உயிரியலாளர், அவரோடு சில்லிமன் பல்கலைக்கழகம்.

சுமிலோனில் 1974இல் பாறைத்திட்டின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. அங்கே நிலையாகக் குடியிருப்பவர்கள் இல்லை. பல்கலைக்கழகமும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து எடுத்த முடிவு அது. பலனும் தெரிந்தது, சுற்றியுள்ள இடங்களில் மீன்பாடு கூடியது. 1984இல் உள்ளூர் அரசியல் மாறியதும் காவல் தளர்ந்தது, காப்பகத்துக்குள்ளேயே வலை விழுந்தது. அடுத்த ஒன்றரை இரண்டு ஆண்டில் தீவைச் சுற்றிய மொத்த மீன்பாடு பாதிக்கும் கீழே போனது. கவனியுங்கள், மீன்பிடிக்கும் பரப்பு கூடியிருந்தது, கிடைத்த மீனோ குறைந்தது.

அப்போ தீவில் வேலை வேறு விதமாக நடந்தது. அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன. மூன்று ஆண்டுப் பேச்சு. மீனவர்களைச் சுமிலோனுக்கே கூட்டிப்போய்த் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டினார்கள். கடைசியில் 1982இல் 14 குடும்பங்கள் மட்டும் ஒத்துக்கொண்டு, சுமார் 450 மீட்டர் கரையோரத்தை ஒதுக்கின. காவலுக்குத் தனி ஆளோ படகோ இல்லை. கரையில் இருந்து பார்க்க ஒருவர் போதும், குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டன. மீன் பெருகுவதைப் பார்த்த மற்ற குடும்பங்களும் இரண்டு மூன்று ஆண்டில் சேர்ந்துகொண்டன. ஆட்சிகள் மாறின, அந்தக் காப்பகம் நிலைத்து நின்றது. அப்போவைப் பார்த்து அந்த நாட்டின் கடலோரங்களில் இப்படிச் சிறு காப்பகங்கள் ஆயிரத்துக்கும் மேல் தோன்றின. எல்லாமே நன்றாக நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன், பெயரளவில் இருப்பவையும் நிறைய உண்டு.

பணக்கார நாட்டிலும் இதே பாடம்தான். ஸ்காட்லாந்தின் அரான் தீவில், கரையோர இழுவை மடிகளால் கடலடி பாழாவதைப் பார்த்த இரண்டு முக்குளிப்பாளர்கள் 1995இல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். தீவு மக்களிடம் பேசிப் பேசி, 2008இல் லாம்லாஷ் விரிகுடாவில் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்துக்கு முழுத்தடை வாங்கினார்கள். பதின்மூன்று ஆண்டு! அதே ஸ்காட்லாந்தில் அரசு, 2026க்குள் கடலில் பத்தில் ஒரு பங்கையாவது உயர்பாதுகாப்புப் பகுதி ஆக்கப்போகிறோம் என்று எடின்பரோவில் உட்கார்ந்து முடிவெடுத்தது. தீவுகளும் கடலோர ஊர்களும் கொதித்தன. ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வெடித்தது. 2023 ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. நோக்கம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் ஊர்க்காரர்கள் போய்க் கேட்டார்கள், மற்றதில் ஊர்க்காரர்களிடம் போய்ச் சொன்னார்கள்.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. மெதுவாக நடக்கும், சின்னதாக இருக்கும். பெருங்கடலைக் கடந்து போகும் சூரையையோ, ஆயிரம் மைல் தாண்டி வரும் கப்பல்களையோ ஒரு தீவின் 14 குடும்பங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது உண்மைதான். ஆனால் வாக்கு எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். உலகில் மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் சிறு அளவில் தொழில் செய்பவர்கள். பிடிக்கப்படும் மீனிலும் சுமார் 40 சதவீதம் அவர்களுடையது என்று உணவு வேளாண்மை அமைப்பின் ஆய்வு 2023இல் சொன்னது. தொழிலின் பெயரால் பெரிய கப்பல்கள் பேசும்போது, ‘எங்கள் பெயரைச் சொல்லாதீர்கள்’ என்று மறுக்கும் உரிமை அவர்களுக்குத்தான் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்தில் எடுபடாமல் போனதும் அதே குரல்தான்.

சட்டத்துக்குள் ஓர் எண்

அமெரிக்காவின் மீன்வளச் சட்டம் 1976இல் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சிக்காரர் மாக்னசன், அலாஸ்காவின் குடியரசுக் கட்சிக்காரர் ஸ்டீவன்ஸ், இருவர் பெயராலும் அது அறியப்படுகிறது. முதல் இருபது ஆண்டில் அது வெளிநாட்டுக் கப்பல்களைத்தான் விரட்டியது, உள்ளூர்ப் படகுகள் பெருகி அதே நாசத்தைத் தொடர்ந்தன. 1996இல் மீட்புக் காலக்கெடு வந்தது. 2006இல் நிறைவேறிய திருத்தம் இன்னும் இறுக்கமானது. ஒவ்வொரு மீனுக்கும் ஆண்டு வரம்பு கட்டாயம். அறிவியல் குழு சொல்லும் அளவைத் தாண்டி, அந்தந்த வட்டாரத்தின் மீன்பிடிப்பை நிர்வகிக்கும் மன்றங்கள் வரம்பு வைக்க முடியாது.

இதில் இருக்கும் பேரம் எனக்குப் பிடித்தது. அந்த எட்டு மன்றங்களிலும் மீனவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு, எந்த வலை, எந்த மாதம் என்பதையெல்லாம் அவர்களே பேசித் தீர்க்கலாம். மொத்தம் எவ்வளவு என்பதில் மட்டும் அரசியல் நுழையாது. அமைச்சரின் அறை வாசலில் காத்திருப்பதில் பயன் இல்லாமல் போகிறது.

எண் இருந்தால் நீதிமன்றமும் கைகொடுக்கும். கிழக்குக் கடற்கரையின் ஃபிளவுண்டர் என்ற தட்டைமீனுக்கு அரசு ஒரு கோட்டா வைத்தது. அதில் இலக்கை எட்ட 18 சதவீத வாய்ப்புதான் இருந்தது. வழக்கு போட்டார்கள். 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குறைந்தது பாதி வாய்ப்பாவது இருக்க வேண்டும் என்று சொல்லி அந்தக் கோட்டாவைத் தள்ளியது. 2011இல் அந்த மீன் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. 2000க்குப் பிறகு இப்படி மீண்ட மீன் கூட்டங்கள் அந்த நாட்டில் ஏறக்குறைய ஐம்பது. எல்லாமே மீளவில்லை. நியூ இங்கிலாந்தின் காட் மீன் இன்னும் தள்ளாடுகிறது. வரம்பு தாமதமாக வந்தால் கடல் காத்திருக்காது, அதிலும் தண்ணீர் சூடாகிவரும் காலத்தில்.

ஐரோப்பாவின் 2013 சட்டத்திலும் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் ஒரு வாசகம் உண்டு. நீடித்துப் பிடிக்கக்கூடிய அளவுக்குள் எல்லா மீன்களையும் 2020க்குள் கொண்டுவர வேண்டும் என்றது. ஆனால் ஆண்டுதோறும் டிசம்பரில் கோட்டாவை முடிவு செய்வது பழையபடி அமைச்சர்கள்தான். அறிவியல் குழு ஆலோசனை சொல்லலாம், தடுக்க முடியாது. முன்னேற்றம் இருந்தது, 2020 இலக்கு எட்டப்படவில்லை. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ‘ஆலோசனை’ என்ற ஒரு சொல் எத்தனை டன் மீன் பிடிக்கும் என்று புரியும்.

ஆகவே, உங்கள் நாட்டில் மீன்வளச் சட்டம் அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் திருத்தத்துக்கு வரப்போகிறது என்றால், மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதற்குப் போங்கள். இப்படி ஒரு வாய்ப்பு பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும்.

மானியமும் உலக மேடையும்

2018இல் உலக நாடுகள் மீன்பிடித் தொழிலுக்குக் கொடுத்த மானியம் சுமார் 3,540 கோடி டாலர், அதில் 2,220 கோடி டாலர் மீன்பிடிக்கும் திறனைப் பெருக்கும் வகை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எரிபொருள் மானியம் அதில் பெரிய பங்கு. மொத்த மானியத்தில் ஐந்தில் நான்கு பங்கு போவது பெரிய அளவில் தொழில் செய்பவர்களுக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட எளிதான இலக்கு இல்லை. நிதி அமைச்சகம்கூட நம் பக்கம் வரலாம்.

நடைமுறையில் உலக வர்த்தக அமைப்பு 2001இல் பேசத் தொடங்கி 2022 ஜூனில்தான் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. 2025 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், ஏற்கெனவே வற்றிய மீன் கூட்டங்களைப் பிடிப்பதற்கும் மானியம் தரக் கூடாது என்கிறது. படகுகளைப் பெருக்கும் மானியத்தைப் பற்றிய பகுதியில் இன்னும் உடன்பாடு இல்லை. நான்கு ஆண்டுக்குள் அது வராவிட்டால், உறுப்பு நாடுகள் வேறு முடிவு எடுத்தால் ஒழிய, கையில் இருக்கும் ஒப்பந்தமே காலாவதி ஆகிவிடும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சிறு குழுவுக்கு இங்கே ஒரே ஒரு வேலைதான் பொருத்தமாகப் படுகிறது. தன் நாட்டின் மானியம் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி வெளியிடுவது. அதைப் பார்க்கும் சிறு படகுக்காரர்கள் மீதியைப் பேசிக்கொள்வார்கள். மானியத்தை நிறுத்து என்று கேட்காமல், கரைக்கு மாற்று என்று கேட்பது இன்னும் நல்லது. குளிர்சாதன வசதி, காப்பீடு, தடைக்கால நிவாரணம் என்று அதே பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பெருங்கடலுக்கான ஐ.நா. ஒப்பந்தம் 2023 ஜூனில் ஏற்கப்பட்டு, 60 நாடுகள் உறுதிசெய்த பிறகு 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கட்டியெழுப்ப ஏறக்குறைய இருபது ஆண்டு ஆனது, அதற்கென்றே முழுநேரமாக உழைத்த பெரிய அமைப்புகள் இருந்தன.

உலக மேடையை மிரட்டலாகப் பயன்படுத்துவது வேறு விஷயம். நீலத்துடுப்புச் சூரைக்கு அட்லாண்டிக் சூரை ஆணையம் 2009ஆம் ஆண்டுக்கு 22,000 டன் கோட்டா வைத்தது. ஆய்வாளர்கள் சொன்னது 15,000 டன்னுக்குள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்த மாநாட்டில், மொனாக்கோ அந்த மீனின் சர்வதேச வணிகத்தையே தடைசெய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. 2010 மார்ச்சில் அது தோற்றது. ஆனால் அது வாக்கெடுப்புக்கு வருவதற்கு முன்பே, பயந்துபோன ஆணையம் அடுத்த ஆண்டுக் கோட்டாவை 13,500 டன்னாகக் குறைத்திருந்தது. 2021இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்தச் சூரையை அழியும் ஆபத்தில் உள்ளவை பட்டியலிலிருந்து கவலையற்றவை பட்டியலுக்கு மாற்றியது. தோற்ற தீர்மானம்தான் மீனைக் காப்பாற்றியது.

எதை எடுப்பது

சட்டத்திருத்தம் வரும் சூழல் இருந்தால் சட்டம் என்று சொல்லிவிட்டேன். அது இல்லாத பெரும்பாலான நேரங்களில், உழைப்பில் நான்கில் மூன்று பங்கைக் கரையில் போடச் சொல்வேன். மீதியை அந்த எண்ணுக்கான சட்ட வாசகத்தைத் தயாராக எழுதிவைப்பதில் போடலாம். பொதுமக்கள் கோபத்தைக் கிளப்பும் வேலையை வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பு வரை தொட வேண்டாம். அது ஒருமுறைதான் நன்றாக எரியும்.

கரையில் எந்த வரிசையில் பேசுகிறோம் என்பது முக்கியம். முதல் கூட்டத்திலேயே ‘நீங்கள் பிடிப்பதைக் குறையுங்கள்’ என்று ஆரம்பித்தால் அதோடு முடிந்தது. கரைக்கு அருகே பெரிய இழுவை மடிகள் வராமல் தடுப்பது சிறு படகுக்காரர்கள் ஏற்கெனவே விரும்பும் ஒன்று. அதிலிருந்து தொடங்குங்கள். அவர்களோடு சேர்ந்து அதை வென்ற பிறகு, மீன் கொஞ்சம் திரும்புவதை அவர்களே கண்ணால் பார்த்த பிறகு, அவர்களுடைய சொந்த வலையின் கண்ணியைப் பற்றியும் ஒதுக்க வேண்டிய பாறைத்திட்டைப் பற்றியும் பேசலாம். சிறு படகுக்காரர் எல்லோரும் கடலைக் காப்பவர் என்று நான் நினைக்கவில்லை. குஞ்சு மீனை வாரும் சின்ன வலைகளும் உண்டு. ஆனால் தாம் விட்டுக்கொடுத்ததன் பலனை வேறு யாரும் அள்ளிப்போக மாட்டார்கள் என்ற உறுதி கிடைத்தால், அவர்கள் பேசும் விதமே மாறுகிறது. அப்போவில் நடந்தது அதுதான்.

இழப்பீட்டைப் பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். மூடப்படும் ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் எதை வைத்து வாழும் என்பதற்குப் பதில் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் எந்த அமைச்சரிடமும் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோகும்போது மனுவைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் குழுவின் ஆளாக இருக்க வேண்டாம். அந்தக் கரையில் படகு வைத்திருக்கும் ஒருவராக இருக்கட்டும். நீங்கள் பின்வரிசையில், கணக்குத் தாள்களோடு உட்கார்ந்திருங்கள்.